கல்லைக் கழுவ வேண்டாம்

பாளையங்கோட்டை,
12-9-1954

பிரியமுள்ள ஆனந்தத்துக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஒரு மாதமாக ஒரு வரி எழுதாத புருஷனை நீ என்னவெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். அதில் பாதியாவது நியாயமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும், தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திரண்ட கூட்டம் சிதறியது. நானும் ஓடினேன். என் பெயரும் வழக்கில் சேர்ந்துவிட்டது என்று வழியில் கேள்விப்பட்டேன். அதனால் வீட்டுக்குத் திரும்பாமல், நடந்தும் வண்டி பிடித்தும் ஆரல்வாய்மொழி தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். இது சென்னை ராஜ்யம். நம் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் இங்கே வராது என்கிறார்கள்.

இங்கே ராஜையா என்று ஒருவர் காலேஜ் பையன்களுக்கு மெஸ் நடத்துகிறார். தையல்காரனுக்கு மிஷின் இல்லாவிட்டால் என்ன வேலை கிடைக்கும்? அவர் மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறேன், சட்டி கழுவுகிறேன். படுக்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு. குழம்பில் தேங்காய் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

போன வாரம் ராஜையா, "உங்க ஊரு கடலோரம்தானே வே, பையங்களுக்கு மீன்ல புதுசா ஏதாச்சும் செஞ்சு குடுக்க முடியுமா?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "என் வீட்டுக்காரி கல்லில் ஒரு மீன் அடை போடுவாள், அதைத் தின்றால் வேறு எதையும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டேன். "அப்ப அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை போடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஐந்து வருஷமாகத் தின்றிருக்கிறேனே தவிர நீ செய்வதை ஒரு நாள் நின்று பார்த்ததில்லை. கொஞ்சம் விவரமாக எழுது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கூட்டம் நடந்தது. எல்லையிலிருந்து வந்தவன் என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். பாறசாலை தமிழ்நாட்டோடு சேரும் நாள்வரை அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் செய்தேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே எழுதிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை நேசம் என்னைத் தேடுகிறாளா?

உன்
ரெத்தினதாஸ்


பாறசாலை,
20-9-1954

அத்தானுக்கு ஆனந்தபாய் எழுதுவது.

நீங்கள் உயிரோடு இருப்பது எனக்குப் போன வாரமே தெரியும். வக்கீல் குமாஸ்தா சதாசிவன் நெய்யாற்றங்கரை கோர்ட்டிலிருந்து வரும் வழியில் பத்திரிகையும் கையுமாக வாசலில் வந்து நின்றார். "ஆனந்தம், ஒனக்க மாப்பிளைக்க பேரு அச்சில வந்திருக்கு, பாத்தியா? இனி பாறசாலை மண்ணுல கால் வைக்க மாட்டாராம்" என்றார். நீங்கள் இருக்கிறீர்களா செத்தீர்களா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலிலும் ஜெயில் வாசலிலும் ஒரு மாதம் கேட்டு அலைந்தவளுக்குக் கிடைத்த முதல் சேதி அதுதான்.

அந்த மண் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மண்ணில்தான் நானும் உங்கள் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறோம். மேடையில் ஏறுவதற்கு முன் எங்கள் நினைப்பு வந்ததா? வந்திருந்தால் வாயில் வேறு ஏதாவது வந்திருக்கும்.

அன்று காலையில் அடை கல்லில் கிடந்தது. "கூட்டத்துக்குப் போயிட்டு வாறேன், எனக்குள்ளத எடுத்து வை" என்றீர்கள். எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் நாற்றம் வந்த பிறகுதான் கொண்டுபோய்க் கொட்டினேன்.

சரி, வாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள். சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். சூரை மீன்தான் வேண்டும். முள் குறைவு, சதை கெட்டி. துண்டாக்கி, மஞ்சளும் உப்பும் ஒரு சுளை கொடம்புளியும் போட்டு, தண்ணீர் வற்றும்வரை வேக வையுங்கள். ஆறியதும் முள்ளையும் கறுத்த சதையையும் களைந்துவிட்டு உதிர்க்க வேண்டும். முள்ளை அவசரமாகப் பார்க்காதீர்கள், அது பிள்ளைகள் தின்கிற பண்டம். மீனில் பாதி அளவு மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மசித்துச் சேருங்கள். சின்ன உள்ளி, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் பொடியாக அரிந்தது. நல்லமிளகு ஒன்றிரண்டாகச் சதைத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்கு விரல் கனத்தில் தட்டி, இரண்டு பக்கமும் வறுத்த அரிசி மாவைத் தொட்டு எடுங்கள்.

தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். அடையைப் போட்டால் ஓரம் சிவக்கும்வரை தொடக் கூடாது. உங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று தெரியும், ஆனாலும் தொடாதீர்கள். ஒரே முறைதான் திருப்ப வேண்டும். அடையை எடுத்த பிறகு, அதே கல்லில் கொஞ்சம் அரிந்த உள்ளியும் ஒரு பிடித் தேங்காய்த் துருவலும் போட்டு வாசம் வந்ததும், வடித்த சம்பாச் சோற்றைக் கொட்டி இரண்டு கிண்டு. அடைக்குப் பக்கத்தில் அந்தச் சோறு இருந்தால் வேறு குழம்பு வேண்டாம். மீனைப் பிசைந்து தட்டி வைத்திருந்தால் எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷ வேலைதான்.

நேசம் உங்களைத் தேடுகிறாளா என்று கேட்டீர்கள். உங்கள் தையல் மிஷின் பக்கத்தில் போய்ப் போய் நிற்கிறாள்.

கோபம் ஆறாத
ஆனந்தபாய்


பாளையங்கோட்டை,
17-10-1954

பிரியமுள்ள ஆனந்தத்துக்கு,

நீ எழுதியதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். அடைக் கதையை மட்டும் எழுதுகிறேன், சிரிப்பாவது வரட்டும்.

தூத்துக்குடியிலிருந்து சூரை வரவழைத்தாகிவிட்டது. மரச்சீனிக் கிழங்குக்கு மார்க்கெட் முழுவதும் அலைந்தேன். ஒருத்தி, "அது என்னய்யா கிழங்கு, மருந்துக்கா?" என்று கேட்டாள். கடைசியில் உருளைக்கிழங்கு போட்டேன். தேங்காய் எண்ணெய் கேட்டதற்கு ராஜையா, "அது தலைக்குல்லா தேய்ப்பாங்க" என்று நல்லெண்ணெயை எடுத்துக் கொடுத்தார். நான் பொறுமையில்லாமல் தொட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். முதல் நாலு அடையும் கல்லோடு ஒட்டிக்கொண்டு உதிர்ந்துவிட்டன.

மிச்சத்தைப் பையன்கள் தின்றார்கள், குறை சொல்லவில்லை. சோறுதான் சவசவ என்று இருந்தது. மெஸ்ஸில் சைவப் பையன்களும் இருப்பதால், மீன் பட்ட கல்லை உடனே புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும் என்பது ராஜையாவின் சட்டம். கழுவிய கல்லில்தான் சோற்றைக் கிண்டினேன். நீ செய்வதில் இருக்கும் அந்தச் சுவை எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒன்று சொன்னால் நம்புவாயா? இங்கே என் பெயர் மலையாளத்தான். "மலையாளத்தாரே, தண்ணி கொண்டாரும்" என்றுதான் பையன்கள் கூப்பிடுகிறார்கள். நான் பேசுகிற தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். தமிழன் என்று சொன்னதற்காக ஊரைவிட்டு ஓடிவந்தவன் நான். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ரெத்தினதாஸ்


பாறசாலை,
6-2-1955

அத்தானுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் கிடைத்தது. பதில் எழுத நேரமில்லை. காரணத்தைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் தையல் கடையில் அடுப்பு வைத்துவிட்டேன்.

வீட்டோடு ஒட்டிச் சும்மா கிடந்த கடை. முன்னால் பஸ் நிற்கிறது, இறங்குகிறவர்களுக்குப் பத்து நிமிஷம் கிடைக்கிறது. காப்பிக் கடை வடையைத் தவிர அவர்களுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. நான் காலையிலேயே மீனை உதிர்த்துப் பிசைந்து தட்டி அடுக்கி வைத்துவிடுவேன். வளைவில் ஹார்ன் கேட்டதும் கல்லில் எண்ணெய் ஊற்றுவேன். ஆட்கள் கை கழுவி உட்காருவதற்குள் அடை வெந்துவிடும். அவர்கள் அடையைத் தின்னத் தொடங்கும்போது சோறு ஆவியோடு இலைக்கு வரும். கண்டக்டர் மோகனன் இதைக் கட்லெட் என்கிறார். இது கட்லெட்டும் இல்லை, ஒன்றுமில்லை, எங்கள் வீட்டு அடை என்றேன். "சரி சேச்சி, ரெண்டு அடைக் கட்லெட்டு" என்கிறார்.

உங்கள் வெட்டு மேசையில்தான் இலை போடுகிறேன். நீங்கள் கீறி வைத்த அங்குலக் கோடு அப்படியே இருக்கிறது. மிஷினைத் துணி போட்டு மூடிச் சுவரோரம் தள்ளியிருக்கிறேன். அதை விற்கச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். விற்கவில்லை.

உங்களை மலையாளத்தான் என்று சொல்கிறார்களே, இங்கே என் பெயர் என்ன தெரியுமா? பாண்டிச்சி, பாண்டி நாட்டுத் தமிழச்சியாம். "பாண்டிச்சிக்க கடையில நல்ல மீன் உண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்காருகிறார்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருந்தது. அப்படிச் சொன்ன அடுத்த வீட்டுச் சாராம்மாவே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு இலையை நீட்டினபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது உங்கள் சோற்றுச் சங்கதி. அடையை எடுத்த பிறகு கல்லைக் கழுவ வேண்டாம். இதைக்கூட எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மீனும் மிளகும் அரிசி மாவும் கருகின எண்ணெய் கல்லில் கிடக்கிறதே, சோற்றுக்கு ருசி அதுதான். கழுவி ஊற்றினால் என்ன மிஞ்சும்? வேறு ஒரு கல் வாங்கி மீனுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் ராஜையாவை.

கடைக்காரி
ஆனந்தபாய்


பாளையங்கோட்டை,
19-10-1955

பிரியமுள்ள ஆனந்தத்துக்கு,

எல்லை பிரிக்க வைத்த கமிஷனின் அறிக்கை வந்துவிட்டது, நீயும் கேட்டிருப்பாய். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமாம். நெய்யாற்றங்கரைத் தாலுகா இல்லை. பாறசாலை அந்தப் பக்கமே கிடக்கட்டும் என்று எழுதிவிட்டார்கள். இங்கே பட்டாசு வெடித்தார்கள். என்னையும் தோளில் தட்டி, "செயிச்சிட்டோம் வே" என்றார்கள். நான் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

துணியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டால் அதன் வழியேதான் வெட்ட வேண்டும், எனக்குத் தெரிந்த தொழில் அது. ஆனால் இந்தக் கோட்டில் என் வீடும் நானும் இரண்டு பக்கமாகப் போய்விட்டோம். நான் செய்த சபதத்தின்படி இனி எனக்கு வீடே கிடையாது.

ஒரு உண்மையைச் சொல்கிறேன், திட்டாமல் கேள். அன்றைக்கு மார்த்தாண்டத்தில் என் பக்கத்தில் நின்ற ஞானையன் காலில் அடிபட்டு விழுந்தான். "எலே தாசு, பிடிலே" என்று கையை நீட்டினான். நான் பிடிக்கவில்லை, ஓடினேன். அவன் பிழைத்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அந்தக் கை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு மாதம் கழித்து மேடையில் என்னை வீரன் என்று சொல்லி மாலை போட்டார்கள். வெட்கம் தாங்காமல்தான் அப்படிப் பெரிதாக ஏதோ சொன்னேன். ஓடினவன் என்று ஒருவனும் நினைத்துவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது. இப்போது அதிலிருந்தும் ஓடினால் நான் யார்?

ரெத்தினதாஸ்


பாறசாலை,
27-11-1955

அத்தானுக்கு,

திட்டவில்லை. நீங்கள் ஓடினதற்காக நான் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. ஓடாமல் நின்றிருந்தால் இன்றைக்கு நான் வெள்ளைச் சீலை கட்டிக்கொண்டு அடை சுட்டுக்கொண்டிருப்பேன். ஓடினவர் வீட்டுக்கு ஓடி வரவில்லையே என்பதுதான் என் கோபம்.

ஞானையன் எங்கள் கடைக்கு வருகிறான். ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். நீங்கள் எழுதியதை அவனிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன். அவன் அடையை மென்றுகொண்டே, "நான் கை நீட்டினேனா? எனக்கு ஓர்மை இல்ல மயினி. அண்ணைக்கு ஆருக்கு ஆரத் தெரிஞ்சுது? தாசண்ணன வரச்சொல்லுங்க" என்றான். நீங்கள் ஒரு வருஷமாகச் சுமக்கிறதை அவன் தூக்கவே இல்லை.

இன்னொரு சேதி. உங்கள் பெயரில் இருந்த வழக்கைத் தள்ளிவிட்டார்கள். சதாசிவன்தான் வந்து சொன்னார். இனி போலீஸ் பயம் இல்லை. "அப்ப அந்தச் சபதம்?" என்று நான் அவரிடம் கேட்டேன். "எந்தச் சபதம்?" என்றார். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டின மனிதர். ஒருவேளை இவர் மட்டும் மறந்திருப்பார் என்று சபையிலும் சந்தையிலும் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் நினைவில்லை. அவரவர் பாடு அவரவர்க்கு. நீங்கள் சொன்ன வார்த்தையை இந்த ஊரில் நினைவில் வைத்திருப்பது நான் ஒருத்திதான். நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் வருவீர்களா?

மறந்துவிட்டேன். வாருங்கள்.

ஆனந்தபாய்


மார்த்தாண்டம்,
18-11-1956

பிரியமுள்ள ஆனந்தத்துக்கு,

உன் போன வருஷத்துக் கடிதத்துக்கு இன்றுவரை நேரான பதில் எழுதவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்தும், பிள்ளைக்கு உடுப்பும் அனுப்பி நாளைக் கடத்திவிட்டேன். அது தெரியாமல் இல்லை.

ஒன்றாம் தேதி முதல் இங்கே தமிழ்நாடு. நானும் வந்துவிட்டேன். ராஜையா வழியனுப்பும்போது மீனுக்கென்று வாங்கிய அந்தத் தனிக் கல்லை என் கையில் கொடுத்தார். இங்கே ஒரு கடையில் மிஷின் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறேன். பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன், கிணறு உண்டு, பின்னால் இரண்டு தென்னை நிற்கிறது. நீயும் நேசமும் இங்கே வந்துவிடுங்கள். ஏழு மைல்தானே. இங்கே நம்மை யாரும் பாண்டி என்றும் சொல்ல மாட்டார்கள், மலையாளத்தான் என்றும் சொல்ல மாட்டார்கள்.

ஊர் மறந்தது என்று எழுதினாய். ஊர் மறக்கலாம், சொன்னது என் வாய். முந்தாநாள் எல்லையில், களியக்காவிளை வரை வந்தேன். பாறசாலை பஸ் நின்றது, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். ஏறவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ரெத்தினதாஸ்


பாறசாலை,
25-11-1956

அத்தானுக்கு,

எழுபது மைலுக்கு அந்தப்பக்கம் இருந்தவர் ஏழு மைலில் வந்து நின்றுவிட்டீர்கள். அந்த ஏழு மைலையும் நான்தான் நடக்க வேண்டுமா?

வர மாட்டேன். இந்தக் கடை என் கையால் நின்ற கடை. நீங்கள் போனபோது அரைச் சேர் அரிசிக்கு அக்கம்பக்கத்தில் கேட்டவள் நான். இன்றைக்கு எட்டு பஸ்ஸுக்கு அடை போடுகிறேன். உதவிக்குக் குஞ்சம்மா என்று ஒருத்தியை வைத்திருக்கிறேன், காட்டாக்கடைப் பக்கத்துக்காரி, வந்து இரண்டு மாதம் ஆகிறது. நல்லவள், சுத்தக்காரி. சுத்தம் கூடிப்போய், எத்தனை சொன்னாலும் அடையை எடுத்ததும் கல்லைக் கழுவத் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் பின்னாலேயே ஓடிப் பிடுங்க வேண்டியிருக்கிறது. வியாழக்கிழமைதான் கவலை. வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்துக்கு மீன் வேண்டுமே, அதனால் வியாழக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் பூவாருக்குப் போய் நானே பார்த்து எடுக்கிறேன். உச்சைக்கு மேல்தான் திரும்புவேன். அன்றைக்கு அவள் போடும் சோறு எப்படி இருக்கிறது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

நேசத்துக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அப்பா எங்கே என்று அவள் கேட்டால் தைக்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வந்தேன். போன வாரம், "அப்பாவுக்க மிஷின் இஞ்சதானே இருக்கு, பின்ன எப்பிடித் தைப்பாரு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே எழுதுங்கள்.

இது என் கடைசி அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி கேட்க மாட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

ஆனந்தபாய்


பாறசாலை,
14-12-1956

அத்தானுக்கு,

கேட்க மாட்டேன் என்று எழுதினேன், கேட்கவும் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நேற்று வியாழக்கிழமை. பூவாரிலிருந்து மீன் கூடையோடு வந்து இறங்கினேன். கடைக்குள் நுழைந்ததும் சோற்று வாசம் மூக்கில் ஏறியது, நான் கிண்டினால் வருகிற அதே வாசம். குஞ்சம்மா கையில் அப்படி வராது. "என்னடி, இன்னைக்குக் கல்லக் களுவல்லியா?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "களுவத்தான் போனேன் சேச்சி. மார்த்தாண்டம் வண்டியில ஒரு ஆளு வந்து எறங்கினாரு. மெலிஞ்ச ஆளு, தலையில பாதி நரை. அடையும் சோறும் கேட்டாரு. அடைய எடுத்து இலையில வச்சிட்டு கல்லத் தூக்கினேன். 'களுவாண்டாம், சோத்த அதிலேயே போடு, அதுக்க ருசியே அதிலதான் ஆக்கும்' எண்ணு சொன்னாரு. சேச்சி சொல்லுறது போலவே சொன்னாரு. நீங்க எவிட உள்ள ஆளு எண்ணு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே இலைய நீட்டினாரு."

கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றேன். பிறகு என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு அடை தின்னாரு. சோத்த ஒரு பருக்கை விடாம வளிச்சாரு. மேசையில இருக்குற கோட்டக் கையால தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பின்ன மிஷினுக்க பக்கத்துல போனாரு. நேசம் மோள் துணிய நீக்கிட்டு சக்கரத்தச் சுத்திக் களிச்சுக்கிட்டு இருந்துது. 'அப்பிடிப் பின்னால சுத்தாண்டாம் மக்கா, நூலு அறுந்துபோவும், இஞ்ச பாரு, இப்பிடி' எண்ணு பிள்ளைக்க கையப் பிடிச்சுச் சுத்திக் காட்டினாரு. பிள்ள மாமா எண்ணு விளிச்சுது. ஒடனே எணீச்சுப் போயிட்டாரு. ஒரு அடைய மட்டும் இலையில பொதிஞ்சு வாங்கிக்கிட்டாரு."

கூடையைப் போட்டுவிட்டு, எதிரே மார்த்தாண்டம் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். பஸ் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அது தெரிந்தும் ஓடினேன். திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். இரண்டரை வருஷத்தில் அப்படி அழுததில்லை. குஞ்சம்மா பயந்துபோய், அந்த ஆளு ஏதாவது திருடிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டாள்.

அழுது முடித்த பிறகு கோபம் வந்தது. வியாழக்கிழமை நான் இருக்க மாட்டேன் என்று எழுதினது நான்தான். அதைப் படித்துவிட்டு, நாள் பார்த்து, நேரம் பார்த்து வந்திருக்கிறீர்கள். ஊருக்காகச் செய்த சபதத்தை ஒரு வாய்ச் சோற்றுக்காக உடைத்தீர்களே, அதை என்னைப் பார்ப்பதற்காக உடைத்திருக்கக் கூடாதா?

ராத்திரி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு விளங்குகிறது. நீங்கள் பயந்தது சபதத்துக்கு இல்லை. அது போன வருஷமே செத்துவிட்டது, நாம் இருவரும்தான் அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து உட்கார வைத்திருந்தோம். நீங்கள் பயந்தது என் முகத்துக்கு. தான் விட்டுவிட்டு வந்த பெண்டாட்டி முகத்தில் எப்படி விழிப்பது என்று. எனக்கும் அந்தப் பயம் உண்டு. உங்களுக்கு நரைத்த மாதிரி எனக்கும் நரைத்துவிட்டது. கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்பு. குரலும் கடைக்காரிக் குரலாகிவிட்டது. நீங்கள் விட்டுப்போன ஆனந்தம் இங்கே இல்லை. நீங்களும் அந்தத் தாஸ் இல்லை என்று குஞ்சம்மா சொன்னதிலிருந்து தெரிகிறது. அந்தத் தாஸுக்கு அடுப்படியில் ஒன்றும் தெரியாது.

பாறசாலை மண்ணில் கால் வைத்துவிட்டீர்கள். ஒரு வீடும் இடிந்து விழவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இனி அதைச் சொல்லி ஒளிய முடியாது.

பிள்ளை மாமா என்று கூப்பிட்டாள் என்று மனம் கசந்து போயிருப்பீர்கள். கடைக்கு வருகிற எல்லாரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். நேற்றிலிருந்து சக்கரத்தை முன்பக்கமாகவே சுற்றுகிறாள். நான் மாற்றிச் சுற்றினால், "பின்னால சுத்தாண்டாம், நூலு அறுந்துபோவும்" என்று என்னை வழக்குப் பேசுகிறாள். சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அது நீங்கள் வந்து சொல்ல வேண்டியது.

ராஜையா கொடுத்த கல்லையும் எடுத்து வாருங்கள். கூட்டம் வரும்போது ஒரு கல் போதவில்லை.

குஞ்சம்மாவுக்கு இன்று காலையிலேயே கூடையைக் கொட்டி மீன் பார்த்து எடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இனி வியாழக்கிழமைதோறும் பூவாருக்குப் போவது அவள். நான் எல்லா நாளும் கடையில்தான் இருப்பேன்.

ஆனந்தம்